நூறில் ஒருவர்

சாங்கி பிசினஸ் பார்க், நான்காம் மாடி.
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கேட்க வேண்டிய குளிர்.
விற்க வந்த டெரிக் குவா திரையில் ஓர் எண்ணை ஏற்றினார்:
நொடிக்குப் பதினொரு லட்சம்.
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்,
பழக்கதோஷம்.

பதினொரு லட்சம் எதை?
வரிசையாய் அடுக்கிய பொய் நோயாளிகளை.
ஆளுக்கு மூன்றே மருந்துச் சீட்டு.
ஒருவருக்கும் ஒவ்வாமை இல்லை,
ஒருவரும் வீடு மாறவில்லை,
ஒருவரும் திங்கட்கிழமை வரவில்லை.
அப்படியோர் ஊர் இருந்தால்
அங்கே மருந்தகமே தேவையில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
சரி,
எந்த ஆற்றில்?

திங்கள் காலை ஏழு ஐம்பதுக்கு
ஈசூன் பலதுறை மருந்தகத்தில் போய் உட்கார்ந்தேன்,
கைபேசியில் நொடிகளை ஓடவிட்டு.
டிங். 1044.
டிங். 1045.
1046 எழுந்து போனார், கையில் டாக்சிச் சாவி.
முகப்புக்குள் மருந்தாளரின் திரையில்
வட்டம் சுற்றியது, சுற்றியது.
ஒன்பது நொடி.

ஒன்பதுதானே என்பீர்கள்.
அதே திரையை அவருக்காகப் பதினான்கு தடவை திறந்தாள் அந்தப் பெண்.
வெளியே டாக்சியின் மீட்டர் நின்றுகிடக்க
கார் நிறுத்துமிடத்தின் மீட்டர் ஓடியது.

அவர் பெயர் தெரியாது.
பதிவேடு எனக்குப் பெயர்களை மறைத்துத்தான் காட்டும்.
வரிகளை மட்டும் எண்ணலாம்:
பத்தொன்பது ஆண்டு, நாலாயிரத்துச் சொச்சம்.
போன மாதமும் கடைசியாய் நின்றது அதே கோப்பு.
அதற்கு முந்தைய மாதமும்.

சராசரி நாற்பது மில்லிநொடி என்கிறது எங்கள் அறிக்கை.
நூறில் ஒருவர் என்று நாங்கள் ஓரத்தில் தள்ளியவர்
குலுக்கலில் விழுந்தவரல்ல.
நோய் நீள நீள வரி நீளும்,
வரி நீள நீள
அவரே நிற்பார்.

அன்றிரவு சோதனையை அழித்து எழுதினேன்.
பொய் மனிதர்களுக்கு வயது கொடுத்தேன்,
சிலருக்கு மூன்று சீட்டு, சிலருக்கு முந்நூறு.
எட்டு மணிக்கு எல்லாரையும் ஒரே வாசலில் விட்டேன்,
காப்புநகல் ஓடும் நேரம் பார்த்து.
பதினொரு லட்சம்
ஆறாயிரத்தில் வந்து மூச்சு வாங்கியது.
எங்கள் பழைய இயந்திரம் என்ன வாங்கியது என்பதைச்
சொல்லாமல் விடுகிறேன்.

"உங்கள் சோதனை நியாயமாக இல்லை" என்று எழுதினார் டெரிக்.
திங்கட்கிழமையும் அப்படித்தான் என்று தட்டி,
அழித்து,
கோப்பை மட்டும் அனுப்பினேன்.
அதற்கு நான் வைத்த பெயர் 1046.