வடி

மூன்று நாளாய்
வாட்டு முழுக்க ஒரே கேள்வி:
காத்துப் போயிட்டா?

டாக்டர் கேட்டார். டிலானி மிஸ் கேட்டா.
கூட்டுகிற பிள்ளைகூடத்
தும்புத்தடியை ஊன்றி நின்று கேட்டது.
பேரின்பம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.
மகிழடித்தீவு வீட்டில்
பதினெட்டு வருசமாய் நான் கேட்டறியாத விசயம்,
இங்கே கால்மாட்டு அட்டையில்
சிவப்பு மையில் தொங்குகிறது: இல்லை.

வெட்டித் தைத்த குடல் தூங்குதாம்.
முழித்துத் தானாய்ச் சொல்லும்வரை
உதட்டுக்கு நனைத்த பஞ்சு,
கைக்குச் சேலைன்.
ஆம்பிளை வாட்டில் இரவு நான் நிற்க ஏலாது.
கல்லடியில், சுகிர்தாவின் வாடகை அறையில்,
போனைக் காதடியில் வைத்துப் படுத்திருந்தேன்.

நாலரைக்கு அடித்தது.
அந்த நேரத்துப் போன் நல்லதைக் கொண்டுவராது.
அடுத்த கட்டில் உதுமாலெப்பைக் காக்கா.
மூச்சு வாங்கினார்.
"தங்கச்சி,
போயிட்டு."

எது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"காத்து, தங்கச்சி, காத்து!
ஏறாவூருக்கே கேட்டிருக்கும்."

ஒரு பிடி மைசூர் பருப்பு.
ஐந்து தண்ணி அலம்பினேன். கை நடுங்கியதால்
ஆறாவதும் அலம்பினேன்.
நகமளவு மஞ்சள், உள்ளி இரண்டு பல்லு,
நற்சீரகம் தட்டிப் போட்டது.
மிளகாய் கூடாது. தேங்காய்ப்பால் கூடாது.
தாளிக்கவும் கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தா.
கடுகு வெடிக்காமல் பருப்பை இறக்குவது
புருசனைச் சேட்டில்லாமல் கச்சேரிக்கு அனுப்புவது மாதிரி.

நுரை பொங்கியது. வாயு அதில்தான் என்பார்கள்.
மூன்று நாள் வாயுவுக்கு நேர்த்தி வைத்தவள்
கரண்டி கரண்டியாய் அதை அள்ளி ஊற்றினேன்.

செம்மஞ்சள் வெளிறிக் குழைந்து வந்தது.
மிஸ்ஸின் கணக்கு மனப்பாடம்:
புரதம் தையலுக்கு.
இரும்பு, போன இரத்தத்துக்கு.
நார் நல்லதுதான், ஆனால் இப்போதைக்கு
அது புதுப்பாதையில் கல் ஏற்றிய வண்டில்.
ஒரு கிழமை போகட்டும்.
தேயிலை வடியில் ஊற்றினேன்.
தெளிவு பிளாஸ்குக்குள் இறங்கியது.
திப்பி வடியில் நின்றது.

ஓட்டோவில் பிளாஸ்க் என் சேலைக்குள், மடியில்.
பள்ளம் வந்த இடமெல்லாம் "மெதுவா, தம்பி."
அவன் கண்ணாடியில் என் வயிற்றைப் பார்த்து
பாலம் முழுக்க ஊர்ந்து போனான்.
நான் திருத்தவில்லை.
வாவியில் இன்னும் வெளிச்சம் விழவில்லை.

முதல் கரண்டி. விழுங்கினார்.
மிஸ், காக்கா, நான்,
கிணற்றில் கல் போட்டவர்களாய்
சத்தத்துக்குக் காத்து நின்றோம்.
இரண்டாவது. இறங்கியது.
மூன்றாவதில் முகம் சுளித்தார்:
"உப்புக் காணாது."

ஐந்து நாளில் அந்த மனுசன் சொன்ன முதல் குறை.
அட்டையில் மிஸ் அதை எழுதவில்லை.
எழுதியிருக்கலாம்.

அறைக்கு வந்தால், கழுவாத வடி.
திப்பி ஆறி, ஓரம் உலர்ந்து கிடந்தது.
தட்டு எடுக்கவில்லை, குந்தவில்லை.
உப்பைத் தூவி விரலால் வழித்தேன்.
பிறகு சட்டியின் அடியை.
பிறகு கரண்டியை.
அவருக்கு ஆகாத நாரெல்லாம்
எனக்குள் இறங்க,
திங்கட்கிழமைக்குப் பிறகு முதல்தரமாய்
வயிறு உரக்க உருண்டது.

"என்ன சத்தம் அது?"
உள்ளே இருந்து சுகிர்தா.

"ஒண்டுமில்ல" என்றேன்,
வாய் நிறைய.