பதினேழில ஒண்டு

சுபாஜினி,
கமரா வாங்கப் போறன் எண்டு எழுதியிருந்தாய்.
வாங்காத.
மூலை வெடிச்ச உன்ர போன் காணும்.
காசு கிடந்தால் சட்டையில குத்துற மைக் ஒண்டு வாங்கு.
முகம் மங்கினாலும் சனம் பொறுக்கும்,
குரல் கேக்காட்டிப் போயிடும்.
சோளகம் தொடங்கினால் அக்கராயன் காத்து
சொல்லில பாதியைத் தின்னும்.
மைக்குக்கு ஒற்றைச் சொக்ஸ் போட்டுவிடு,
சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

(பத்தாம் வகுப்பில நீ எனக்குக் கணக்குக் காட்டித் தந்தனி.
அந்தக் கடன்தான் இது.)

'வணக்கம் உறவுகளே' எண்டு
நெடுக ஊஞ்சல் ஆட்டாத.
பாக்க வந்தவன்ர லாண்ட்மாஸ்டர் வயலுக்குள்ள நிக்குது,
மழை மாங்குளம் மட்டும் வந்திட்டுது,
காபரேற்றரை எங்க கழட்டுறது எண்டு
அவனுக்கு இப்ப தெரியோணும்.
உன்னட்டை வாறவளுக்கும் அப்பிடித்தான்:
றெஜிபோம் பெட்டி, பல்பு, சூடு.
முதல் வசனத்திலயே முட்டையைக் கையில எடு.
முகப்புப் படத்தில நீ வாயைப் பிளந்து நிக்காத,
குஞ்சு திறந்தால் காணும்.

நான் தொடங்கின மாதம் பாத்தது பதினேழு பேர்.
அதில நாலு நான்,
ரெண்டு என்ர மனிசி, பிழை பிடிக்க.
மிச்சப் பதினொண்டும் ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது.
அந்தப் பதினொரு பேருக்காக
இரவு டேட்டா மலிவெண்டு
ஒரு மணிக்குக் குளக்கட்டில ஏறி
போனைத் தலைக்கு மேல பிடிச்சுக்கொண்டு நிப்பன்.
தொண்ணூற்று மூண்டு வீதத்தில நிண்டுபோகும்.
ஒருநாள் கட்டில யானை.
போனைப் போட்டிட்டு ஓடினன்.
விடிய வந்து பாக்க
முழுக்க ஏறியிருந்தது.

வெள்ளி எண்டால் வெள்ளி போடு.
ஏலாட்டிச் சனி எண்டு சொல்லு,
சொன்னால் சனி போடு.
படத்தில வாறவை மாதிரிக் கதைக்காத.
தஞ்சாவூர் ஆள் ஒருவர் கேட்டார்,
"கொழுவுறதுன்னா என்னங்க?"
விளங்கப்படுத்தினன்.
அடுத்த கிழமையும் கொழுவித்தான் காட்டினன்.

இனிச் சொல்லுறது ஒருத்தருக்கும் சொல்லாதது.

ஸ்கந்தபுரம் தாண்டி ஒரு அம்மா.
பம்பைச் சும்மா திருத்திக் குடுத்தன்.
தண்ணி பாயக்க அவ அழுதா.
போன் ஓடிக்கொண்டிருந்தது,
நான் நிப்பாட்டேல்லை.
இரவு அதுக்கு வயலின் போட்டன்.
மூண்டு நாளில ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் பேர்.
ரொரன்ரோவிலயிருந்து காசு,
அவவுக்குப் புதுப் பம்ப்,
எனக்கு ஒரு லைற் ஸ்ராண்ட்.
எல்லாருக்கும் நல்லதுதான் நடந்தது எண்டு
கணக்குப் பாத்து வைச்சிருந்தன்.

பிறகு அவவின்ர மகன் கராச்சுக்கு வந்தான்.
பள்ளிக்கூட உடுப்பு.
சைக்கிளை விட்டு இறங்கேல்லை,
கோபமாயும் இல்லை.
"அண்ணை, ஒரு வீடியோவை அழிக்கிறதெண்டால்
எதை அமத்தோணும்?"

போனை அவனிட்டயே குடுத்தன்.
அமத்தினான்.
அதோட காத்துப் போன ரயர் மாதிரி
சனல் இருந்துபோச்சு,
இப்பவும் முழுக்க எழும்பேல்லை.

ஆகவே…
இல்லை, ஆகவே எண்டு சொல்ல இதில ஒண்டுமில்லை.
ஆக்களை எடுக்க முதல் கேள்.
ஓம் எண்டாலும்
அடுத்தநாள் திரும்பக் கேள்.

இருபத்தோராம் நாள் உன்ர பெட்டியில
பொரிக்காத முட்டையும் கிடக்கும்.
வெட்டி எறியாத, காட்டு.
கரண்ட் நிண்ட இரவையும் காட்டு,
சுடுதண்ணிப் போத்தலோட நீ முழிச்சிருந்ததையும்.
பாக்கிறவளுக்கும்
அண்டைக்குத்தானே கரண்ட் நிண்டது.

முதல் வீடியோ போட்டதும் அனுப்பு.
பதினேழில ஒண்டு நான்.
மனிசி கேக்கிறா,
பல்பு எத்தினை வோட்ஸ் எண்டு.
எனக்குத் தனிய எழுதாத,
அதுக்குள்ளயே சொல்லு.