தெரியாத பொருள்

புதன்கிழமைதோறும் முப்பது சொற்கள்.
கலாமா நகரத் தொழிற்சங்கக் கூடத்தில்
பிங்கோ ஆடும் மேசைகளை ஒன்றாகத் தள்ளிப்போட்டு
பத்தொன்பது டிப்பர் ஓட்டுநர்கள்.
பெண்கள் இரண்டு பேர்; ஒருத்தி நான், யாஸ்னா.
மூன்று மாடி உயர வண்டியைச்
செப்புச் சுரங்க விளிம்புவரை பின்னோக்கி எடுத்து
ஒரு முழம் மிச்சம் வைத்து நிறுத்திப் பழகிய கைகளுக்கு
பென்சில் ரொம்பச் சிறியது.

கம்பெனி அனுப்பிய டீச்சர் ஓரியானா
தெற்கே மழை ஊர்க்காரி.
எங்கள் காற்று அவள் உதட்டை வெடிக்க வைத்தது.
சொல்லுக்கு ஒருமுறை வாஸ்லைன் தடவிக்கொண்டு
பலகையில் எழுதினாள்: ஸ்கேலபிள்.
எஸ்கேலபிள் என்றோம்.
ஸ்டார்ட்-அப்.
எஸ்டார்ட்-அப்.
முன்னால் ஒரு எகரத்தை முட்டுக்கொடுக்காமல்
இந்தச் சொற்கள் எங்கள் வாயில் நிற்பதில்லை.
"அந்த எ வேண்டாம்" என்றாள்,
சக்கரத்துக்குக் கல் வைக்காமல்
மேட்டில் வண்டியை நிறுத்து என்பதுபோல.

லேட்டன்சி.
நீ இங்கே பொத்தானை அழுத்துவதற்கும்
அங்கே வண்டியின் காதில் அது விழுவதற்கும்
நடுவே போகிற நேரம்.
வாக்கியத்தில் அமைக்கச் சொன்னாள்.
நிபால்டோ எழுந்தான்:
"என் மனைவிக்கு லேட்டன்சி கிடையாது.
நான் கதவைத் திறக்குமுன்பே பதில் வந்துவிடும்."
கூடம் சிரித்து அடங்க நேரமாயிற்று.
இலக்கணம் சரி என்று டிக் போட்டாள்.

ஆறாவது புதன், ரிடண்டன்சி.
நல்ல சொல் என்றாள்.
ஒரு பம்ப் போதுமான இடத்தில் இரண்டு வைப்பது.
ஒன்று நின்றால் மற்றது ஓடும்,
யாரும் சாகமாட்டார்கள்.
எழுதிக்கொண்டோம்.
நிபால்டோ அடுத்த பக்கத்துக்கே போய்விட்டான்.
கஸ்டோடியோ மட்டும் சட்டைப்பையிலிருந்து
நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்தான்.
தலைமை அலுவலகத்துக் கடிதம்,
ஒரு பக்கம் எங்கள் மொழி, மறுபக்கம் ஆங்கிலம்.
ஆங்கிலத்தின்மேல் விரலை வைத்தான்.
அதே சொல்.
"டீச்சர், இதில் நான் எந்தப் பம்ப்?"

அவள் வாஸ்லைன் டப்பாவைத் திறந்தாள்.
தடவாமலே மூடினாள்.
அன்று இருபத்திரண்டு சொற்களோடு வகுப்பு முடிந்தது.
மீதி எட்டும் பிறகு வரவேயில்லை.

பத்தொன்பதில் ஏழு பேருக்கு நாற்காலி கிடைத்தது.
எனக்குக் கிடைத்தது
நகரத்துக்குள், ஏசி அறையில், ஜன்னல் இல்லாத பக்கம்.
பதினோரு வண்டிகள் என் திரையில்
ஆளில்லாமல் ஏறி இறங்குகின்றன,
என்னைவிட ஒழுங்காக. சொல்லத்தான் வேண்டும்.
கஸ்டோடியோ தன் பழைய வண்டியின் இருக்கையைக்
காயலான் விலைக்கு வாங்கிக்
கொல்லையில் போட்டிருக்கிறான்.
அவன் நாய் அதில் தூங்குகிறது.

நேற்று மூன்றரை மணிக்கு
பதினான்காம் எண் வண்டி நடுப்பாதையில் நின்றது.
பின்னால் வந்தவையும் ஒவ்வொன்றாக நின்றன.
திரையில் ஒரு பெட்டி, ஆங்கிலத்தில்:
எதிரே இருப்பது எது?
மனிதர். வாகனம். விலங்கு. பாறை. தெரியாத பொருள்.

கேமராவில் பார்த்தேன்.
சூறைக்காற்று.
விளக்குக் கம்ப உயரத்தில் சிவந்த தூசி
ஒற்றைக் காலில் சுற்றிக்கொண்டு
பாதையைக் கடக்கவா திரும்பவா என்று
யோசிப்பதுபோல் நின்றது.
ரெமோலினோ.
ஏழு வயதில் அதற்குள் புகப்போய் விழுந்த தழும்பு
முழங்காலில் இருக்கிறது.
எனக்கு அதன் பெயர் தெரியும்.
பட்டியலுக்குத் தெரியாது.

தெரியாத பொருள், அழுத்தினேன்.
தொடரவா என்று கேட்டது.
வெறும் காற்று. நாற்பது டன் சக்கரத்துக்கு
அது ஒரு தும்மல்கூட இல்லை.
ஆனாலும் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நாற்பத்து மூன்று நொடி.
தூசி தன் பாட்டுக்குச் சுற்றி,
இடதுபுறம் சரிந்து,
பள்ளத்தில் உதிர்ந்தபிறகுதான்
சரி என்றேன்.

அறிக்கையில், தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில்
லேட்டன்சி என்று எழுதினேன்.