சக்கை

"எதுக்கும்மா சக்கை?" என்றார் ஏகாம்பரம்.
மாடு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.
"விளக்குக்கு" என்று வாயில் வந்துவிட்டது.
கத்திரி வெயிலில் புத்தி உருகியவர்களை
வேலூர் நிறையப் பார்த்திருக்கிறது.
மறுபேச்சில்லாமல் ஒரு கோணி கட்டிக் கொடுத்தார்,
ஈக்களும் சேர்த்து.

ஹாஸ்டல் மாடியில் இரண்டு நாள் காய்ந்தது.
எறும்புகள்தான் முதலில் ஆராய்ச்சி செய்தன.
பிறகு மிக்சி, சல்லடை,
எஃகு ஆட்டோகிளேவுக்குள் தண்ணீரோடு
நூற்று எண்பது டிகிரியில் எட்டு மணி நேரம்.
திறந்தபோது கருகிய பாகு வாசனை.
வடிகட்டியதும் ஒரு பழுப்பு நீர்,
டீக்கடையில் கிளாஸ் அலசிய வாளியைப் போல.

பர்கத் யுவி டார்ச்சை அடித்தாள்.

நீலம்.

சாறெல்லாம் போன பின்னும் உள்ளே இருந்ததா,
சூடு கொண்டுவந்து வைத்ததா?
கைடிடம் கேட்டால் கார்பன் புள்ளிகள் என்பார்,
பேப்பர் எப்போது எழுதுவாய் என்பார்.

குரோமியம் பட்டால் அந்த நீலம் மங்கும்.
அவ்வளவுதான் வித்தை.
பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டு மிஞ்சியது
நாக்குக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.
நூறு கோடித் துளியில் சில துளி என்றாலும்
இந்தச் சக்கைக்குத் தெரியும்.

பன்னீர் சோடா: மங்கவில்லை.
இளநீர்: மங்கவில்லை. மிச்சத்தைப் பர்கத் குடித்துவிட்டாள்.
நன்னாரி சர்பத்: அதன் நிறமே குறுக்கே நின்றது,
நோட்டில் ஒரு கேள்விக்குறி.
கரும்புச்சாறு, ஏகாம்பரம் வண்டி, மாலை நான்கு மணி:

மங்கியது.

மூன்று முறை செய்தோம்.
நான்காவதில் என் கை நடுங்கியது,
அதை எழுதாதே என்றேன்.
ஐஸ் போடாமல் ஒரு கிளாஸ்: நீலம்.
ஐஸ் மட்டும், குப்பியில் கரைத்து:
டார்ச்சில் பேட்டரி தீர்ந்ததோ என்று
பர்கத் தட்டிப் பார்த்தாள்.

கரும்பின் மேல் குற்றமில்லை.
அவர் மேலும் இல்லை.
உமி தூவி, சாக்கு போர்த்தி
விடியலில் வந்திறங்கும் பாளத்தில்
எந்த போர்வெல் உறைந்திருக்கிறது என்று
யாரும் சீட்டு ஒட்டி அனுப்புவதில்லை.
இத்தனை நாள் காசு வாங்காமல்
எனக்கு மட்டும் "ஐஸ் தூக்கலா" ஊற்றியவர்.

இன்று நோட்டோடு போய் நிற்கிறேன்.
"இன்னாம்மா, வெளக்கு எரிஞ்சுதா?"
பாளத்தின் மேல் சுத்தியல் ஓங்கியிருக்கிறது.

"எரிஞ்சுதுண்ணா.
அந்தச் சுத்தியலக் கொஞ்சம் கீழ வையுங்க."