ஈரம் பார்க்கிறவள்

வாரத்தில் ஐந்து நாள் கோதுமைக்குத் தரம் போடுகிறேன்.
லாரி வந்து நிற்கும், குழல் இறங்கும்,
ஒரு கைப்பிடி மணி, சல்லடை, பதர், ஈரம்.
பதினான்கரையைத் தாண்டினால் விலை இறங்கும்.
ஏன் என்று கோதுமை கேட்டதில்லை.

ஆறாம் நாள், மார்ச் மாதச் சனிக்கிழமை,
சஸ்காட்சவானில் வெல்பர்ன் ஊர் மண்டபத்தில்
பிள்ளைகளுக்கு.

கீழே பனித்தளத்தில் யாரோ கர்லிங் ஆடுகிறார்கள்.
கல்லைக் கல் இடிக்கும் சத்தம்
எல்லார் பேச்சிலும் ஒரு தடவையாவது புகுந்துவிடுகிறது.
அதற்காக யாருக்கும் குறைப்பதில்லை என்று
ஒரெஸ்டும் நானும் முன்பே பேசிக்கொண்டோம்.
சுவரோரம் குவிந்த குளிர்கோட்டுகளிலிருந்து
தரையெல்லாம் தண்ணீர்.

பிரிட்டா ஐசக்சன், பன்னிரண்டு வயது:
தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் விதம்.
நான்கு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி.
மூச்சுகூட வாங்க வேண்டிய இடத்தில் வாங்கினாள்.
அம்மா எழுதிக் கொடுத்திருப்பாளோ,
எனக்குள் ஒரு எலி ஓடியது.
சந்தேகத்துக்கு மதிப்பெண் தாளில் கட்டம் இல்லை.
கேள்வி கேட்க இடமுண்டு. கேட்டேன்:
செத்த தேனீக்களை யார் வெளியே போடுவது?
"மத்த தேனீங்கதான். வெயில் வர்ற நாளாப் பார்த்து.
பனி மேல கறுப்பாக் கிடக்கும். நான் எண்ணுவேன்."
எலி போய்விட்டது.

அடுத்து கோல்பி ஷெவ்சிக், பதினொன்று.
மின்வேலியைப் பழுதுபார்ப்பது.
மின்சாரத்தின் வரலாற்றில் தொடங்கினான்,
யாரோ எப்போதோ எதையோ கண்டுபிடித்த ஆண்டுகளை
வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து
ஒரு ஆண்டில் நின்றுவிட்டான்.

நாற்பத்தொரு நொடி.
நேரக்காரர் கையிலிருந்த மஞ்சள் அட்டையைத்
தொடையில் கவிழ்த்துக்கொண்டார்.
அவன் அம்மாவின் உதடு அசைந்தது, சத்தமில்லாமல்.
சொல்லெடுத்துக் கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை.
பேனாவை மூடிக் கீழே வைத்தேன்.
அது மட்டும் முடிந்தது.
கீழே ஒரு கல் உருண்டு போய் எதிலும் படாமல் நின்றது.

"இருங்க," என்றான்,
"முதல்ல சொல்ல வேண்டியதை விட்டுட்டேன்.
கரண்டை நிறுத்தணும்.
நான் நிறுத்தல. அதான் எனக்குத் தெரியும்."
மண்டபம் சிரித்தது, அவனும்.
பிறகு அட்டைகளைப் பையில் திணித்துவிட்டு
அறுந்த கம்பியை எப்படி முறுக்குவது என்று
இரண்டு கையாலும் காற்றில் காட்டினான்,
ஈரப் புல், ரப்பர் பூட்ஸ், பக்கத்தில் நின்று
வேடிக்கை பார்த்த கிடாரி, எல்லாம் வந்தது.
சிவப்பு அட்டையும் வந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

ஆறு நிமிடம் நான்கு நொடி.
கூடுதலான அரை நிமிடத்துக்கு ஒன்று: இரண்டு போக வேண்டும்.
எண்பத்திரண்டு, எண்பதாகும்.
பிரிட்டாவுக்கு எண்பத்தொன்று.
"ஒன்று மட்டும் வெட்டு லோர்னா," என்றார் ஒரெஸ்ட்,
"சமமாகப் போகட்டும், பாவம் பையன்."
கடிகாரத்தோடு அறையில் தனியே நின்று
பேசிப் பேசி, ஒரு வாக்கியத்தை எடுத்தெறிந்து
ஐம்பத்தெட்டில் கொண்டுவந்து நிறுத்தியவளும்
பிள்ளைதான்.
இரண்டையும் வெட்டினேன். கை நல்லபடியாக நடந்துகொள்ளவில்லை,
எண்பதின் பூஜ்யம் கோணலாக விழுந்தது.

இனி குறிப்பு எழுதும் கட்டம்.
என் பதிமூன்றாம் வயதில் இதே போட்டியில்
எனக்கு வந்த தாளில் ஒரே சொல்: நன்று.
முப்பது வருடம் ஆகிறது,
எது என்று இன்னும் தெரியவில்லை.

இவர்கள் இந்தத் தாளை வண்டிக்குள் படிப்பார்கள்,
கூரை விளக்கைப் போட்டுக்கொண்டு,
வீடு போகும் நாற்பது மைல் இருட்டில்.
அதனால் கூட்டெழுத்து கூடாது.
"பதற்றம்" என்று எழுதியதை அடித்தேன்,
அடித்தது தெரிந்ததால் புதுத் தாள் வாங்கினேன்.
கோல்பி, "கரண்டை நிறுத்தணும்" என்ற இடத்தில்
நான் நடுவராக இருப்பதை மறந்து கேட்டேன்.
அடுத்த முறை அங்கேயே தொடங்கு.
வரலாறு காத்திருக்கும், நேரம் காத்திருக்காது.
பிரிட்டாவுக்கு: நீ எண்ணும் தேனீக்களைப்
பேச்சுக்குள்ளும் கொண்டு வா.

செவ்வாய், பள்ளி விட்ட பிறகு
ஷெவ்சிக்கின் லாரி எடைமேடையில் ஏறியது.
ஈரம் பதினான்கு புள்ளி ஆறு.
"புள்ளி ஒன்றுதானே," என்றார் அப்பா,
சன்னலுக்குள் தலையை நீட்டி.
அவருக்குப் பின்னாலிருந்து பையன் குரல்:
"விடுங்கப்பா. அவங்க குறைச்சுப் போட மாட்டாங்க.
ஏன்னு கேளுங்க, சொல்லுவாங்க."