நூற்றுக்குப் பன்னிரண்டு

பகலில் என் கணக்கெல்லாம் சதுர அடி.
பர்கூர் சாலையில் கிரானைட் பட்டறை.
கறுப்பு ஸ்லாப், சாம்பல் ஸ்லாப்,
விளிம்பு உடைந்தால் பாதி விலை.
லாரி எண்ணை எழுதி, பில்லைக் கிழித்துக் கொடுத்து
காதுக்குள் ரம்பத்தோடு வீடு திரும்புவேன்.

இரவில் மொட்டைமாடியில் என் ஸ்லாப் வேறு.
பழைய ஜமுக்காளத்தில் மண்ணைக் கொட்டி
இருபுறமும் ஒரே கனத்தில் ரீப்பர் வைத்துச்
சப்பாத்திக் கட்டையால் தேய்த்தால்
கால் அங்குலத்தில் ஒரு பாய்.

கொஞ்சம் காயவேண்டும்.
காதுமடல் மாதிரி வளையவேண்டும், துவளக் கூடாது.
அப்போதுதான் டப்பாவைத் திறப்பேன்:
சுங்கச்சாவடி ஓரம் கிடந்த பைக் சாவி,
அணைப் பூங்காவில் பொறுக்கிய பாதி வளையல்,
கூழ் ஆலை வாசலில் காய்ந்துபோன மாங்கொட்டை,
யார் சட்டையிலோ இருந்த நாலு துளைப் பொத்தான்.

சாவியை அழுத்தினேன். வாங்கிக்கொண்டது.
ஈரம் இருக்கும்வரை
எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் மண்.

நாலு பலகை. ஓரங்களைக் கீறி,
மண்குழம்பு தடவி, ஒட்டி,
உள்மூலையில் புழுப்போல் ஒரு திரி வைத்து நீவினால்
நிற்கிறது
ஜன்னல் வைக்க மறந்த கட்டடம்.

மூன்றாம் நாள் சாவியைச் சுற்றி விரிசல்.
மண் நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும்.
சாவி சுருங்காது.
"ரெண்டுல ஒண்ணு விட்டுக்கொடுக்கணுமில்ல?" என்றான்
சூளைக்கு சிலிண்டர் தூக்கிவந்த திம்மராயன்.
அவன் மனைவி ஓசூரில் தனியாக இருக்கிறாள்.
எதைச் சொன்னாய் என்று நானும் கேட்கவில்லை.

சாவியை நோண்டி எடுத்து, விரிசலை நீவினேன்.
தடம் இருந்தது, பல்லெல்லாம் தெளிவாக.
மாங்கொட்டையை எடுக்க மறந்தேன்.
மறந்தேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் சூட்டிலேயே அது எரிந்துபோனது.
நார்க்கோடுகளோடு ஒரு குழி,
குழிக்குள் விரல் நுழையும் ஓட்டை.
இரண்டாம் சூட்டில்
பட்டறைச் சகதியைச் சலித்துப் பூசிய பூச்சு
உருகி, கரும்பச்சையாய் வழிந்து
சாவித் தடத்தில் தேங்கிக்கொண்டது.

பெங்களூரிலிருந்து வந்த பெண்
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
தண்ணி நிக்குமா?
நிக்காது.
காய்ந்த பூ வைக்கலாம் என்று சொல்லியிருக்கலாம்.
பொத்தான் தடம் பதிந்த சின்னதை வாங்கிப்போனாள்.

மாசி முடிவதற்குள்
குழிக்கு ஒரு குளவி போய்வரத் தொடங்கியது.
என் மண்ணை அது தொடவில்லை.
தண்ணீர்த்தொட்டி கசியும் இடத்திலிருந்து
உருண்டை உருண்டையாய்க் கொண்டுவந்து
வாயாலேயே நீவி அடைத்தது.
சுடாத மண். பங்குனி வெயில்.
கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து தேடினேன்,
மயிரிழை விரிசல் இல்லை.

உள்ளே ஒரு பச்சைப்புழுவை வைத்துத்தான் மூடியிருக்கும்.
குஞ்சு தின்னத் தின்ன
அது சுருங்கிக்கொண்டிருக்கும்,
பன்னிரண்டையெல்லாம் எப்போதோ தாண்டி.

விலைச்சீட்டைக் கிழித்தேன்.
அந்தப் பக்கக் கொடியில்
இப்போதைக்குத் துணி போடுவதில்லை.