ஒன்றுக்குப் பல

மல்லாவி. மின்சாரம் மூன்றாந்தரம் போய் வந்த பின்
மறுபடி எழுதுகிறேன்:
வகுப்பு பாடசாலை, வகுப்பு ஆசிரியர்,
வகுப்பு வகுப்பு.
கொம்பைலருக்குச் சிரிப்பு வராது.

பாடசாலையை நீக்கினால்
மாணவரும் நீங்க வேண்டுமா?
உடைமையா, உறவா?
உறவு என்று போட்டேன்.
கூரை போன பிறகும்
முதிரை மரத்தடியில் இடாப்புக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு மாணவருக்கு ஒரு பாடசாலை,
இதுதான் என் வரைபடம்.
அலுவலகச் சுகந்தரூபி அக்காவின்
பழைய விடுகைப் பத்திரங்களைத் தட்டச்சிட்டுப் பார்த்தேன்.
ஏழு.
அந்த ஒற்றைக் கட்டத்தைப் பட்டியலாக்கினேன்.
பாதுகாவலர் கட்டம் வெறுமையாக இருக்கலாம் என்றும்
ஒரு வரி.
ஓடியது. எச்சரிக்கைகூட இல்லை.

அக்கா கோப்போடு வந்து திரையைப் பார்த்தா.
"எட்டு," எண்டா.
"ஒண்டுக்குப் பெயர்ப்பலகை இருக்கேல்லை."

பெயர் கட்டாயம் என்று
மேலே நான்தான் எழுதியிருந்தேன்.